மூன்று கட்டை டார்ச்

தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையைக் கல்லால் உடைத்து, உள்ளேயிருந்து கரிக்குச்சியை உருவியவர்கள் கை தூக்குங்கள். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் தூக்குவீர்கள், தெரியும். டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் ஒரே கட்டைதான் அப்போது. கட்டை விரலைவிட மூன்று மடங்கு தடிமன். மேலே சுற்றியிருக்கும் சிவப்புத் தாளைக் கிழித்தால் சாம்பல் நிறத் தகடு. தகட்டைப் பிளந்தால் ஈரமான கறுப்பு மாவு. அதன் நடுவில் பித்தளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் குச்சி. அந்த மாவு நகத்துக்குள் போனால் லேசில் வராது, சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு கசப்பு நாக்கில் ஏறும். அதற்காக யார் விட்டோம்? அந்தக் குச்சியால் சிமெண்டுத் தரையில் பாண்டிக் கட்டம் போட்டால் ஒரு மழைக்கு அழியாது.

இப்போது என் பேத்தி போனைத் தடவினால் வெளிச்சம் வருகிறது. விளக்குக்குள்ளே ஒரு பொருள் இருக்கும், அதை எரிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் அது உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எங்கள் காலத்தில் அது தெரியாததால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தது. அந்தக் குடும்பம் எங்களுடையது.

கோபாலபுரத்தில் ஒரு பங்களா. பின்னால் மாமரத்தடியில் அவுட்ஹவுஸ். ஒரே அறை, மூலையில் அடுப்பு, வெளியே குழாய். நைனா அங்கே வாட்ச்மேன். அம்மா பங்களாவில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்தாள். வாடகை கிடையாது என்பதுதான் சம்பளத்தில் பெரிய பங்கு. நான் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் மாமரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் ஓட்டின் மேல் விழும் சத்தம் இருக்கிறதே, அதைத் தாலாட்டு மாதிரி கேட்டுத் தூங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் மழையைக் கேட்டுக்கொண்டு எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

பங்களா ஐயா பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தால் வாய்ப்பாடு கேட்பார், சரியாகச் சொன்னால் தலையை ஆட்டுவார். அவருக்கு ஒரே பிடிவாதம்தான். "நான் வெச்சது வெச்ச எடத்துல, வெச்ச மாதிரியே இருக்கணும்" என்பார். கத்தரிக்கோலுக்கு ஒரு ஆணி, குடைக்கு ஒரு மூலை, டார்ச்சுக்கு ஹால் அலமாரியின் மேல் டிராயர். வெள்ளி மாதிரிப் பளபளக்கும் மூன்று கட்டை டார்ச். கண்ணாடியைச் சுற்றிச் சிவப்பு வளையம். ஒரு மழைக்காலம் முடியும்போது மூன்று புதுக் கட்டைகளைப் போட்டு, சுவரில் ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பார்த்து, டிராயரில் வைத்து மூடினார். அடுத்த மழைக்குத்தான் எடுப்பார். நடுவில் எரிக்கவே போவதில்லை, அதனால் கட்டை அப்படியே புதிதாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பீரோவில் வைத்த பட்டுப்புடவை மாதிரி.

நைனாவுக்கு டார்ச் கிடையாது. வாட்ச்மேனுக்குத்தானே டார்ச் வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டில் பல்பு எரிகிறதே, அது போதும் என்று ஐயா சொல்லிவிட்டார். நைனாவிடம் ஒரு கம்பும் ஒரு லாந்தரும் இருந்தன.

ஆனால் நைனாவிடம் ஒரு ரேடியோ இருந்தது. மூர்மார்க்கெட்டில் பழசாக வாங்கியது. பொத்தல் பொத்தலாகத் தோல் உறை, தோளில் மாட்ட வார். பகலில் தூங்கி எழுந்ததும் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். அதற்கும் மூன்று கட்டைதான். கட்டை தீர ஆரம்பித்தால் பாட்டு மெலிந்துகொண்டே போகும். நைனா கட்டைகளைக் கழற்றி வெயிலில் காய வைப்பார். சூடேறினால் இன்னும் கொஞ்ச நாள் பாடும். அதுவும் முடிந்தால் கட்டை எனக்கு. என் ஆசைக்காக அக்கம்பக்கத்து வாட்ச்மேன்களிடமிருந்தும் தீர்ந்த கட்டைகளை வாங்கி வந்து குழாயடியில் எனக்காகக் குவித்து வைத்திருப்பார்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முன்னால் ரேடியோ சுத்தமாக இளைத்துவிட்டது. அம்மாதான் ஆரம்பித்தாள்.

"நாளு கிழமையில கூடவா இப்டி? ஊரெல்லாம் பாட்டு கேக்குது, நம்ப வூட்டுல கொசு கத்துற மாதிரி கீது. புச்சா மூணு கட்ட வாங்கிப் போடேன்யா."

நைனா சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்று புதுக் கட்டைகள் இருந்தன. நான் கூடப் போகவில்லை. அவர் கடையில் வாங்கியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. கட்டையைப் போட்டுத் திருகியதும் ரேடியோ போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் பறந்தன. அது மட்டும் எனக்குத் தெரியும்.

தீபாவளி முடிந்து ஓரிரு வாரத்தில் புயல் சின்னம் என்றார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் காற்றோடு மழை பிடித்தது, கரண்ட் போயிற்று. பங்களாவின் பின்படியில் கொடித்துணி நனைந்துகொண்டிருந்தது. ஐயா வீட்டம்மா டார்ச்சுக்குக் குரல் கொடுத்தார். ஐயா டிராயரைத் திறந்து எடுத்துப் பித்தானைத் தள்ளினார். எரியவில்லை. தட்டினார், குலுக்கினார், எரியவில்லை. துணி நனைகிறதே என்று அந்த அம்மா இருட்டிலேயே படியிறங்கினார். பாசியில் கால் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அவர் அலறியது அவுட்ஹவுஸ் வரைக்கும் கேட்டது. நைனாதான் முதலில் ஓடினார். அவரும் பங்களா டிரைவரும் சேர்ந்துதான் அந்த அம்மாவைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார்கள். நனைந்த உடம்போடு திரும்பி வந்து, "பாவம், கை தொங்கிப்போச்சு" என்று நைனா வருத்தப்பட்டார்.

மறுநாள் காலையில் நைனாவை போர்ட்டிகோவுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட தொனி சரியில்லை என்று அம்மாவும் பின்னால் போனாள். அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். வீட்டம்மா கட்டுப்போட்ட கையோடு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐயா கையில் டார்ச்.

"இதை யாரு எடுத்தது?"

"தெர்லங்க ஐயா. நான் ஹால் பக்கமே வர்ல."

"புதுக் கட்டை போட்டு வெச்சிருந்தேன். ஒரு நாள்கூட எரிக்கல. எரிக்காத கட்டை எப்படிடா தீரும்?"

அதுவரை ஐயா நைனாவை 'டா' போட்டதில்லை. "என்னப்பா" என்றுதான் கூப்பிடுவார். நைனாவுக்கு முதலில் அதுதான் உறைத்திருக்கும். எரிக்காத கட்டை எப்படித் தீரும்? அங்கே இருந்த யாருக்கும் அதற்குப் பதில் தெரியாது. பதில் தெரியாத கேள்வியே குற்றச்சாட்டாகிவிட்டது.

டிரைவர் டார்ச்சை வாங்கித் திறந்து பார்த்தார். பின்மூடி திரும்ப மறுத்தது. துணியைச் சுற்றிப் பல்லைக் கடித்துத் திருகினார். மூடி வந்தது, கட்டை வரவில்லை. குழாயைக் கவிழ்த்து போர்ட்டிகோ படியில் ஓங்கித் தட்டினார். டக், டக். ஈர உப்பு மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கொட்டியது. மறுபடி தட்டியதில் ஒரு கட்டை தோல் உரிந்து வெளியே விழுந்தது. மற்ற இரண்டும் குழாயோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை.

நைனா குனிந்து குழாய்க்குள்ளே பார்த்தார்.

"ஐயா, இத்தப் பாருங்களேன். கட்ட உள்ளாரயே பொங்கி ஒட்டிக்கினு கீது. யாரும் மாத்தின மாதிரி தெர்லங்க ஐயா."

"புதுசை உருவிட்டுக் கெட்ட கட்டையைப் போட்டு வெச்சா அது கெட்டுத்தான் கிடக்கும்" என்றார் ஐயா.

டிரைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இவன் வூட்டுக் குழாயாண்ட தீந்துபோன கட்ட குவிஞ்சு கீதுங்க ஐயா. ரேடியோ வேற தீபாவளிலேர்ந்து காது கிழியப் பாடிக்கினே கீது."

குவிந்து கிடந்தவை என் கட்டைகள். பாண்டிக் குச்சிக்காக நைனா சேர்த்து வைத்தவை.

ரேடியோவைக் கொண்டுவரச் சொன்னார்கள். நைனா போய் எடுத்துவந்து உறையின் பித்தானைக் கழற்றினார். பின்பக்கம் திறந்ததும் மூன்று புதுக் கட்டைகள் சிவப்பாகப் பளபளவென்று படுத்திருந்தன. ஐயா போட்டு வைத்ததும் அதே சிவப்புத் தாள் கட்டைதான். தெருவில் எல்லாக் கடையிலும் விற்றது அந்தக் கட்டைதான்.

"மொனைக் கடையில வாங்கினதுங்க ஐயா. கடைக்காரரக் கேட்டுப் பாருங்க."

டிரைவர் கேட்டைத் தாண்டிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "நெறைய பேரு வாங்கறாங்களாம், நெனவு இல்லையாம்." அவர் கடைவரை போயிருக்க முடியுமா என்று இத்தனை வருஷம் கழித்து எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நாங்கள் போன பிறகு அந்த அவுட்ஹவுஸுக்கு அவருடைய மைத்துனர் குடிவந்தார் என்று கேள்விப்பட்டோம். அதற்காகத்தான் செய்தார் என்று சொல்ல மாட்டேன். வேலை காலியாக இருந்தது, ஆள் வந்தது.

ஐயா குரலைத் தாழ்த்தினார். கோபத்தைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் பயமாக இருந்தது.

"போலீஸுக்குச் சொன்னா உனக்குத்தான் அசிங்கம். உண்மையைச் சொல்லிடு. மூணு கட்டைதானே, நான் விட்டுடறேன்."

நைனா, "நான் எடுக்கலங்க ஐயா" என்று மறுபடி ஆரம்பித்தார். அதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"ஒத்துக்கோயா. கால்ல வுழுந்து ஒத்துக்கோ. வூடு போய்டும்யா. இந்த மழையில பொட்டப் புள்ளைய இஸ்துக்கினு எங்க போறது?"

நைனா திரும்பி அம்மாவைப் பார்த்தார். ரேடியோவை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் சரியான பெயர் கிடைக்கவில்லை. பிறகு ரேடியோவைப் படியில் வைத்துவிட்டு ஐயா காலில் விழுந்தார்.

"ஆமாங்க ஐயா. நான்தான் எடுத்தேன்."

என் காதால் கேட்டேன். என் நைனாவின் வாயிலிருந்து வந்தது.

ஐயாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வைத்த பொருள் வைத்தபடி இல்லாததற்குக் காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. குனிந்து, ரேடியோவிலிருந்த மூன்று கட்டைகளையும் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஒத்துக்கிட்டே, நல்லது. போலீஸுக்குப் போகமாட்டேன். ஆனா, திருடினேன்னு தன் வாயாலே சொன்ன ஆளை எப்படிப்பா காவலுக்கு வெச்சுக்கிறது? நீயே சொல்லு."

'டா' போய் 'ப்பா' திரும்பி வந்துவிட்டது. வீடு போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரைசைக்கிளில் பாத்திரமும் பாயும் ஏற்றி, மேலே தார்ப்பாயைப் போட்டு, மழையோடு கிளம்பினோம். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரை ஓரம் என் மாமாவின் குடிசை இருந்தது. அவர் குடும்பத்துக்கே அது போதாது. ஒரு பக்கம் கோணியைத் தொங்கவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். வந்த பத்துப் பதினைந்து நாளில் ஆறு எழும்பி உள்ளே வந்தது. என் புத்தகங்கள், நைனாவின் வேட்டிகள், கட்டையில்லாத ரேடியோ எல்லாம் ஒரே சேற்றில் ஊறின. தண்ணீர் வடிந்ததும் நைனா ரேடியோவைத் தோல் உறையிலிருந்து உருவினார். உறை ஊறிப்போன அப்பளம் மாதிரி கையோடு வந்தது. ரேடியோவை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு வந்தார். யாரோ எடுத்துப் போனார்கள். எனக்கு அந்த வருஷப் படிப்பு போனது.

அதற்குப் பிறகு நைனா வாட்ச்மேன் வேலைக்குப் போகவேயில்லை. தி.நகரில் ஒரு பாத்திரக்கடையின் கிடங்கில் அண்டாவும் குண்டானும் தூக்கினார். அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, முதுகுக்கு நல்லது என்று நான்கூடச் சொன்னேன்.

"வாணாம்மா. சாவி இருக்கற எடமே எனக்கு வாணாம்" என்றார்.

வெளியார் சொன்னதை எப்படியோ தாங்கிக்கொண்டோம். வீட்டுக்குள் நடந்ததுதான் ஓயவில்லை. எதற்குச் சண்டை வந்தாலும் அம்மா கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். அரிசி தீர்ந்தால், கூரை ஒழுகினால், எனக்கு வந்த ஒரு வரன் தட்டிப்போனால், "திருட்டுக் கைதானே, எது வெளங்கும்" என்பாள். கிடங்கிலிருந்து ஒருமுறை அவர் நசுங்கிய சொம்பு ஒன்றைக் கொண்டுவந்தார், முதலாளியே கொடுத்தது. "இது எங்கேர்ந்து அட்ச்சது?" என்று அம்மா கேட்டாள். நைனா அடுத்த நாள் அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஒருநாளும் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. உண்மையிலேயே எடுத்ததால்தான் பேசவில்லை என்று நினைத்தேன். அவர் வாயாலேயே கேட்டவள் அல்லவா நான்?

அவர் போனபோது எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்திருந்தது. கிடங்குப் படியில் மூச்சுவாங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எடுத்துப்போகும்போது அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அதையும் நான் பார்த்தேன்.

இப்போது வேளச்சேரியில் முதல் மாடியில் மகனோடு இருக்கிறேன். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அந்தப் பெரிய மழை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அது வடிந்த கையோடு மகன் ஒரு நல்ல டார்ச் வாங்கி, கட்டை போட்டு, ஃப்ரிட்ஜின் மேல் வைத்தான். அடுத்த மழைக்குத் தேவைப்படவில்லை. அதற்கடுத்ததற்கும் தேவைப்படவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் கரண்ட் போய், அவன் போனிலும் சார்ஜ் இல்லாமல், டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன். எரியவில்லை. பின்மூடியைத் திருகினான், வரவில்லை. பிறகு வந்தது. கட்டை வரவில்லை. பால்கனிப் படியில் கவிழ்த்துத் தட்டினான்.

டக், டக்.

வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று மகன் பதறினான்.

"இதை யாரு மாத்தி வெச்சது?"

"யாரு மாத்தப் போறாங்க? உள்ளயே போட்டு வெச்சா இப்டித்தாம்மா ஆகும். எரிக்கலன்னாலும் உள்ளயே கொஞ்சம் கொஞ்சமாத் தீந்துடும், அப்பறம் பொங்கி ஒட்டிக்கும். நம்ப ஊர் சூட்டுக்கு ஒரு வருசம் தாங்கினாலே பெருசு. வெளிய எடுத்து, காஞ்ச எடத்துல தனியா வெச்சிருந்தா ரெண்டு மூணு வருசம்கூட இருக்கும். என் தப்புதான், மறந்துட்டேன்."

என் தப்புதான், மறந்துட்டேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். அந்த ஐயாவுக்கு இந்த மூன்று வார்த்தை தெரிந்திருந்தால் போதும்.

அன்று அந்தப் படியருகே நின்றவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு மாற்றி வைத்த கட்டையென்றால் இரண்டு வாரத்தில் குழாயோடு எப்படி ஒட்டும்? மாதக்கணக்கில் அதற்குள்ளேயே கிடந்தால்தான் அப்படி இறுகும். பொடி எல்லோர் கண் முன்னாலும்தான் கொட்டியது. படித்தவரும் பார்த்தார், டிரைவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். நைனா ஒருவர்தான் குனிந்து பார்த்தார். அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அம்மா அப்போது என்னோடுதான் இருந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். கை நடுக்கம், நான்தான் மூன்று வேளையும் ஊட்டுவேன். கரண்ட் வந்ததும் அந்த உரிந்த கட்டையை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நைனா எடுக்கலம்மா."

"எத்த?"

"பங்களா டார்ச்சுக் கட்ட. அது தானா கெட்டுப்போனது. இதோ பாரு, இதே மாதிரி. நைனா திருடலம்மா."

அழுவாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொள்வாள், நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் கட்டையைப் பார்க்கவேயில்லை.

"எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? வாங்கியாயான்னு அனுப்புனதே நான்தானே. அந்த ஆளு கடையாண்ட நின்னு வாங்கறத கேட்டாண்டேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

உரிந்த கட்டையைக் கட்டிலின் மேல் வைத்தேன்.

"அப்ப அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"சொன்னா? பொண்டாட்டி சொல்றத எவன் நம்புவான்? கால்ல வுழுந்தா வூடாவது நிக்கும்னு நெனச்சேன். நிக்கல."

அதுகூட எனக்குப் புரிந்தது. மழை, பெண் குழந்தை, கூரை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"அது சரிம்மா. அதுக்கப்புறம்? அவரு சாவுற வரைக்கும் திருடன் திருடன்னு வாய் ஓயாம சொன்னியே. எடுக்கலன்னு தெரிஞ்சேவா?"

அம்மா போர்வை ஓரத்தை நடுங்கும் விரலால் நீவிவிட்டாள்.

"சண்டைன்னு வந்தா எதனா சொல்லணும்ல? அந்த ஆளு மேல சொல்றதுக்கு வேற இன்னாடி இருந்துச்சு?"

நான் எழுந்து போனேன். சோற்றைக் குழைய மசித்து, ரசம் ஊற்றி, தட்டில் ஒரு கரண்டியைப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு வந்து சமையல்கட்டில் உட்கார்ந்தேன். கரண்டி தட்டில் மோதும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. சோறு வாய்க்குப் போகிற சத்தம் இல்லை அது.

"இன்னாடி, ஊட்ட வர்லியா?" என்று கூப்பிட்டாள்.

நான் போகவில்லை.